எங்கள் தென்னாற்காட்டுச் சீமை

பூகோள வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் வருஷந்தோறும் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து தங்கள் ஜில்லாவின் படத்தை வரையச் சொல்வேன். சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வரைந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் நெய்வேலி நகரியத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே காகிதத்தின் நடுவில் நெய்வேலி வீற்றிருந்தது. வட்டங்கள், பூங்கா, ஆஸ்பத்திரி, ஆர்ச் கேட் எல்லாம் பழுதின்றி விளங்கின. ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு நீண்ட கோடு. 'சென்னைக்குப் போகும் வழி' என்று அதன்மேல் எழுதியிருந்தது. அவ்வளவுதான் ஜில்லா!

"கடல் எங்கே அப்பா?" என்று ஒருவனைக் கேட்டேன்.

"கடல் பாண்டிச்சேரியில் இருக்கிறது, சார்" என்றான் அவன், சிறிதும் தயக்கமின்றி.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும், மாலையில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. கடல் இங்கிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் ஜன்னல் கதவுகளை அடிக்கும் காற்று அங்கிருந்துதான் வருகிறது. நாங்கள் உண்ணும் அரிசி, நெத்திலி, பலாச்சுளை, முந்திரிப் பருப்பு எல்லாம் இந்தச் சீமையின் விளைபொருள்களே. எங்கள் நகரியத்துக்கு இடம் விட்டு எழுந்து போன கிராமங்களும் இந்தச் சீமையைச் சேர்ந்தவைதான். இவற்றுள் ஒன்றும் அந்த நாற்பது காகிதங்களில் இல்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று, கற்பித்தவனுடையது. அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லைகள். பழைய தென்னாற்காடு ஜில்லா மிகப் பெரியது. 1993ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அதை இரண்டாகப் பிரித்து, வடமேற்குப் பகுதியை விழுப்புரத்துக்கும், கடலை ஒட்டிய தென்கிழக்குப் பகுதியைக் கடலூருக்கும் கொடுத்தார்கள். கடலூர் ஜில்லாவுக்கு முதலில் வள்ளலார் பெயரையே வைத்திருந்தார்கள். பிறகு தலைநகரின் பெயரே நிலைத்தது. 2011ஆம் வருஷக் கணக்கின்படி இதன் ஜனத்தொகை சுமார் 26 லட்சம்; மூன்றில் இரண்டு பங்கினர் கிராமவாசிகள். கிழக்கே வங்கக் கடல். ஐம்பத்தேழு கிலோமீட்டர் நீளக் கரை. தெற்கே கொள்ளிடம். நடுவிலே பெண்ணை, கெடிலம், பரவனாறு, மணிமுத்தா, வெள்ளாறு என்று ஆறுகளுக்குக் குறைவே இல்லை. ஆனால், ஆற்றுக்குக் குறைவில்லை என்பதால் நீருக்குக் குறைவில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கொள்ளிடத்தைத் தவிர மற்ற ஆறுகளில் வருஷத்திற் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர். அதிற் பாதிக்குமேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது எல்லா ஆறுகளும் ஒருமிக்க விழித்துக்கொண்டு, கடலை நோக்கி ஒரே சமயத்தில் ஓடிவரும். 2015ஆம் வருஷ நவம்பரில் இவை செய்த அட்டகாசத்தை இந்த ஜில்லாவாசிகள் மறக்க மாட்டார்கள்.

கடலை மறந்த குற்றத்துக்காகக் கடலிலிருந்தே புறப்படுவோம். கடலூரில் கெடிலம் கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே தேவனாம்பட்டினம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690ஆம் வருஷம் ஆங்கிலக் கும்பினியார் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கிரயம் நடந்த விதந்தான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் வாங்கியவருக்குச் சொந்தம் என்று பேச்சு. கும்பினியார் கெட்டிக்காரர்கள், கைவசமுள்ளவற்றில் நல்ல பீரங்கியாகப் பார்த்தே வெடித்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. குண்டு போய் விழுந்த வட்டத்துக்குள் அடங்கிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இன்றும் கடலூரில் வழங்குகின்றன. அந்தக் கிராமங்களில் அன்று உழுது கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகச் சரித்திரம் கூறவில்லை.

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமை இடம் இந்தக் கோட்டைக்குத்தான் மாறியது. சில வருஷ காலம் இங்கேயே இருந்தது. ராபர்ட் கிளைவ் இதற்கு அதிகாரியாக இருந்திருக்கிறான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்துத் தகர்த்தான். ஏகாதிபத்தியத்தின் தொட்டில் என்று கல்கத்தாவைச் சொல்வார்கள். அந்தத் தொட்டிலின் கயிற்றில் ஒரு புரி எங்கள் ஊரிலும் திரிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கயிறு திரித்த ஊரே கயிற்றை அறுக்கவும் முன்வந்தது. கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாளின் சரித்திரத்தை அறியாத குழந்தை இந்த ஜில்லாவில் இருக்கக் கூடாது. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர். 1857ஆம் வருஷப் புரட்சியைக் கொடுமையாக அடக்கிய கர்னல் நீலுக்குச் சென்னையில் நிறுத்தியிருந்த சிலையை அகற்ற வேண்டுமென்று 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தபோது, அதில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறுமியாகிய மகளும் உடன் சென்றாள். அந்தப் பெண்ணுக்கு மகாத்மா லீலாவதி என்று புதுப் பெயர் சூட்டினார். பின்னொரு முறை அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாகச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பெற்றபின் மீண்டும் சிறைக்கே திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்றே பெயர். சுதந்திரத்துக்கு முன்பே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த அம்மையார் 1961இல் காலமானார். இதே கடலூரில்தான், 1918ஆம் வருஷம் நவம்பர் மாதம், புதுச்சேரி வாசத்தை விட்டுப் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்த பாரதியாரைச் சிறைப்படுத்தி வைத்தார்கள். மூன்று வாரங்களுக்குமேல் அவர் இங்கே இருந்தார்.

கடலூரின் மற்றொரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் இன்னும் பழைமையானது. பாடலி என்ற பெயருடன் அது ஒரு சமணக் கல்வி நிலையமாக விளங்கியது. 'லோகவிபாகம்' என்ற பிராகிருத நூல், கி.பி. 458க்கு நேரான சக வருஷத்தில், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மன் காலத்தில், இங்கே பிரதி செய்யப்பட்டது. பண்ருட்டிக்கு அருகில் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இங்கேதான் தருமசேனர் என்ற பெயரோடு சமணத் தலைவராக இருந்தார். பிறகு சைவத்துக்குத் திரும்பித் திருநாவுக்கரசர் ஆனார். கல்லிலே கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான் கரையேறிய இடம் என்று கடலூரில் ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். கரையேறவிட்ட குப்பம் என்று அதற்குப் பெயர். இருபெரும் சமயங்கள் வாதிட்ட பூமி இது.

தெற்கே செல்லும் வழியில் ரசாயனத் தொழிற்பேட்டை வருகிறது. அங்குள்ள காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் எழுந்த முறையீடுகள் ஒரு தனிக் கட்டுரைக்குரியவை. இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போய்விடலாம்.

பரங்கிப்பேட்டை வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், கடல் வியாபாரத்தில் சிறந்த தமிழ் முஸ்லிம்கள் எல்லோரும் புழங்கிய துறைமுகம். 1781ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, ஹைதர் அலியின் பெரும் சேனையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் இதன் அருகேதான் எதிர்த்து நின்று வென்றான். பாடப் புத்தகங்கள் இந்த யுத்தத்தோடு பரங்கிப்பேட்டையை விட்டுவிடுகின்றன. எனக்கோ, அதற்கு ஐம்பது வருஷம் பின்னால் நடந்த மற்றொரு காரியமே முக்கியமாகப் படுகிறது. 1830இல் ஜோஷையா ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே ஓர் இரும்பு உருக்கு ஆலையை நிறுவினார். சேலத்து மலைகளிலிருந்து இரும்புக் கல் வந்தது. உலைக்கு வேண்டிய கரியோ? மரங்களை வெட்டி எரித்துச் செய்த அடுப்புக்கரிதான். காடுகள் குறையக் குறையக் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது, செலவு ஏறியது, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலை அணைந்தே போயிற்று. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்ளே, மண்ணுக்கு அடியில், கோடானுகோடி டன் கரி அப்போதும் படுத்திருந்தது! பழுப்பு நிலக்கரி இரும்பு உருக்குவதற்கு நேராகப் பயன்படாது என்பது வேறு விஷயம். ஆயினும் மேலே இருந்த காட்டை அழித்துவிட்டுக் கீழே இருந்ததை அறியாமற் போன அந்த வேடிக்கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், பிச்சாவரம் இருக்கிறது. ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலக் காடு. உப்பங்கழிகள் கொடிபோற் பின்னிக் கிடக்க, சுரபுன்னையும் வெண்கண்டலும் நீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. சுரபுன்னையின் வேர்கள் மரத்தின் இடுப்பிலிருந்து வளைந்து இறங்கும். வெண்கண்டலின் வேர்களோ சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி எழுந்து மூச்சு விடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். ஊருக்குள் அது கிடைப்பதில்லை. அதன் பால் கண்ணிற் பட்டால் ஆபத்து. ஆகவே பார்க்கலாமே தவிர, பறிக்கலாகாது.

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, இந்த ஜில்லாவில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடலூர் மீனவர் ஊர்களிலும், மணல் திட்டுகளில் இருந்த குடியிருப்புகளிலும் பறிகொடுக்காத வீடு அரிது. பிச்சாவரத்துக் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளோ அவ்வளவு சேதமின்றித் தப்பின. அலையின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொண்டன. "காடு எங்களுக்கு அம்மா மாதிரி, வாத்தியாரே. முதல் அடியை அவதான் வாங்கினா" என்று படகு தள்ளிய முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். என் மாணவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியும் ஏறாத பாடம் அன்று படகிலேயே ஏறிவிட்டது.

பிச்சாவரத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை நெய்வேலிக்கு வரும்போது சொல்லுகிறேன்.

சிதம்பரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயிலை எல்லோரும் அறிவார்கள். 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் ஏற்படுத்திய சர்வகலாசாலையையும் அறிவார்கள். எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளைப்போல் நானும் அங்கே பட்டம் பெற்றவன்தான். அதிகம் பேர் அறியாதது, சர்வகலாசாலைக்கும் முந்தி, 1916லேயே சுவாமி சகஜானந்தர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம். கோயில் வாசலுக்கு வெளியே நின்ற நந்தனின் பெயரால் பள்ளிக்கூடத்தின் வாசலைத் திறந்து வைத்தார் அந்தத் துறவி. எந்தப் பிள்ளைகளுக்கு ஏடு தொட உரிமையில்லை என்றிருந்ததோ, அவர்களிலிருந்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் வந்தார்கள்.

சிதம்பரமும் காட்டுமன்னார்கோயிலும் காவேரிப் பாசனத்தின் கடைக்கோடி. இங்கே கொள்ளிடத்து நீர், அணைக்கரையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு வந்து சேருகிறது. அந்த அணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன், 1836இல். ஏரியோ அதற்கு ஒன்பது நூற்றாண்டுகள் முந்தியது. முதற் பராந்தக சோழனின் விருதுப் பெயரால் வீரநாராயண ஏரி என்று பெயர். அவன் மகன் ராஜாதித்தன், வடக்கே யுத்தத்துக்காகச் சேனையுடன் காத்திருந்தபோது, சும்மா இருந்த வீரர்களைக் கொண்டு இதை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. ராஜாதித்தன் 949இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். யுத்தம் தோற்றது, ஏரி நின்றது. ஒரு ராஜகுமாரனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்? வைஷ்ணவ ஆசாரியர்களான நாதமுனிகளும் ஆளவந்தாரும் இந்த ஏரிக்கரை ஊரில் அவதரித்தவர்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் இந்தக் கரையில்தான் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

பட்டணத்துக்காரர்களுக்கு இந்த ஏரியில் ஒரு கண் நெடுநாளாக உண்டு. முன்பொரு முறை குழாய் போட்டுச் சென்னைக்கு நீர் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். திட்டம் பாதியில் நின்றது. ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய பெரிய குழாய்கள் மட்டும் சாலை ஓரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தன. அவற்றுக்குள்ளே குடித்தனம் நடத்தியவர்களும் உண்டு. 2004இல் திட்டம் உண்மையாகவே நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்கு அனுப்பலாம் என்பது ஏற்பாடு. தாகத்துக்குத் தண்ணீர் தருவதை யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனால் மேட்டூரில் நீர் குறைந்த வருஷங்களில், கரையில் நின்று ஏரியைப் பார்க்கும் குடியானவன் மனத்தில் என்ன ஓடும் என்பதைச் சென்னையில் குழாயைத் திறக்கிறவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

ஏரியை விட்டு வடமேற்கே ஏறினால் வயல்களின் பச்சை மறைந்து செம்மண் தொடங்குகிறது. நெய்வேலி, வடலூர், பண்ருட்டி எல்லாம் இந்தச் செம்மண் மேட்டில் இருக்கின்றன. கடலூருக்கு அருகே இதே மேடு கேப்பர் மலை என்ற பெயருடன் முடிகிறது. நெல்லுக்கு ஒவ்வாத மண். அந்தக் குறையையே செல்வமாக்கியவை பலாவும் முந்திரியும். பலா நம் நாட்டு மரம். முந்திரி, போர்ச்சுகீசியர் பிரேஸில் தேசத்திலிருந்து கொண்டுவந்த விருந்தாளி. இன்று வீட்டுக்காரனைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சித்திரை முதல் ஆனி வரை பண்ருட்டிப் பலா மண்டிகளின் மணம் பஸ்ஸில் போகிறவர்களையும் இறங்கச் செய்யும். முந்திரியில் பாடுபடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாக உடைத்துப் பருப்பை முழுசாக எடுக்கிறார்கள். இப்பகுதி விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வருகிறது. கல்யாண வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஒவ்வொரு பருப்புக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அன்று விடிந்தபோது பண்ருட்டிச் சீமையில் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் தலைகீழாகக் கிடந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. பலா போனால் பேரன் காலத்துக்குத்தான் அதன் நிழல். நட்டவர்கள் மீண்டும் நட்டார்கள்.

இந்த மேட்டின் விளிம்பில், கெடிலக் கரையில், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கரும்பு அரைத்து வருகிறது. இந்தியாவில் இவ்வளவு பழைய சர்க்கரை ஆலைகள் மிகச் சிலவே. குறிஞ்சிப்பாடியில் கைத்தறி. மேற்கே விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலும், பீங்கான் தொழிலும், முந்திரி ஆராய்ச்சிப் பண்ணையும். அதற்கும் அப்பால் திட்டக்குடிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்குள்ளவர்கள் மழைக்கும் கூலி வேலைக்கும் திசை பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் குறைவு.

வடலூரை இவ்வளவு சுருக்கமாகக் கடக்க முடியாது. மருதூரில் 1823இல் பிறந்த ராமலிங்க அடிகள், 1867ஆம் வருஷம் மே மாதம் 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து ஜனங்கள் நிலம் கொடுத்தார்கள். பஞ்சத்தினால் ஜனங்கள் வாடிய காலம். சாதி, மதம் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு சோறு போட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. தினமும் மூன்று வேளையும் அங்கே பந்தி நடக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம். யார், எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த அடுப்பிலிருந்து சில கிலோமீட்டர் வந்தால் எங்கள் நெய்வேலியின் பெரிய அடுப்புகள் தென்படுகின்றன.

கதை 1930களின் நடுவில் தொடங்குகிறது. இந்தப் பகுதியில் ஆழக் குழாய் இறக்கினால் நீர் தானாகப் பொங்கி வழியும். ஏற்றமோ இயந்திரமோ வேண்டாம். ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் அப்படிக் குழாய் இறக்கியபோது, நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. காய்ந்தபின் அது எரிந்தது. அவர் அதை இலேசாக விடவில்லை. அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டு போனார். நாற்பதுகளில் பூகர்ப்ப சாஸ்திரிகள் துளையிட்டுப் பார்த்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்தபின், தென்னாட்டில் நிலக்கரி இல்லையே என்ற குறை தீர வழி பிறந்தது. காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மண்ணை அகற்றி அகற்றி, 1961 ஆகஸ்டில் கரி முகம் காட்டிற்று. அடுத்த வருஷம் ருஷியர் உதவியுடன் கட்டிய நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. புது நிலையங்கள் அதன் வேலையைச் செய்கின்றன.

இந்தக் கரி எப்படி உண்டாயிற்று? இங்கேதான் பிச்சாவரத்தைத் திரும்பக் கூப்பிடுகிறேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன், இன்று நெய்வேலி இருக்கும் இடத்தில் கடலோரச் சதுப்புக் காடு இருந்தது. மரங்கள் விழுந்து, சேற்றில் மக்காமல் அமிழ்ந்து, மேலே மணலும் களிமண்ணும் மூடி, அமுக்கத்தில் கரியாயின. முழுதும் கல்லாகாத இளங்கரி, ஆகவே பழுப்பு. உடைத்துப் பார்த்தால் சில துண்டுகளில் மரத்தின் நார் இன்னும் தெரியும். சுரங்கத்தின் விளிம்பில் நிற்கிறவன் மிகப் பழைய ஒரு பிச்சாவரத்தின் மேல் நிற்கிறான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கடலை வரைய மறந்தவன் அன்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஒரு வருஷச் சம்பளம்.

ஒரு டன் கரிக்காக ஐந்து ஆறு கன மீட்டர் மண்ணை எடுத்து அப்பாற் கொட்ட வேண்டும். மாடி வீட்டைவிட உயரமான வாளிச் சக்கர இயந்திரங்கள் இராப்பகலாக இதைச் செய்கின்றன. கரிக்கு அடியிலோ, முன்பு கிணறுகளிற் பொங்கிய அதே நீர், மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். ஆகவே இறைக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சில ஊர்களின் வயல்களை நனைக்கிறது; அந்த ஊர்க்காரர்கள் சுரங்கத்தை வாழ்த்துகிறார்கள். வேறு சில ஊர்களில் கிணறுகளின் நீர்மட்டம் கீழே போய்விட்டது; அவர்கள் வாழ்த்துவதில்லை. இரண்டும் உண்மை. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி டன் கரி எடுத்து உண்டாக்கும் மின்சாரம் தென்னாட்டு ராஜ்யங்கள் எல்லாவற்றுக்கும் போகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு பிள்ளை விளக்கடியில் படிப்பதற்கு இந்தச் செம்மண்ணும் ஒரு காரணம் என்பதில் எனக்குப் பெருமையே.

பெருமையோடு கூடவே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கரி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. நிலத்துக்கு மேல் ஊர் இருக்கிறது. ஒன்றை எடுக்க வேண்டுமானால் மற்றது எழுந்து போக வேண்டும். ஐம்பதுகளிலிருந்தே ஊர்கள் எழுந்து போய்க்கொண்டிருக்கின்றன. எங்கள் நகரியத்தின் பெயரே அப்படி எழுந்து போன ஒரு கிராமத்தின் பெயர்தான். முதல் தலைமுறையில் பலர் தேச காரியம் என்று மனமார நிலத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு வேலையும் கிடைத்தது. பேரப் பிள்ளைகள் காலத்தில், 'நிலம் போயிற்று, வேலை எங்கே?' என்ற கேள்வி பெரிதாயிற்று. 2023ஆம் வருஷம் ஜூலை மாதம், வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்றும், பயிரிட வேண்டாம் என்று சொல்லியிருந்தது என்றும் ஒரு பக்கம் கூறினார்கள். அறுவடை வரை காத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. பயிர் நஷ்டத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று. சட்டம் யார் பக்கம் என்பதை அறிந்தவர்கள் சொல்லட்டும். பால் பிடித்து வரும் பயிரைத் தானே அழிக்க நம்மவர் கை எழாது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த வருஷமே ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியையும், டெல்டாவில் வேறு இரண்டு பகுதிகளையும் நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து மத்திய சர்க்கார் நீக்கிவிட்டது. 2020இல் இயற்றிய வேளாண் மண்டலச் சட்டத்தில் இந்த ஜில்லாவின் ஐந்து டெல்டா ஒன்றியங்கள் அடங்கியிருக்கின்றன. செம்மண் மேட்டு ஊர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. அங்கே நோட்டீசுக்கும் அறுவடைக்கும் இடையில் காலம் நடக்கிறது.

இந்த வருஷம் மறுபடியும் படம் வரையச் சொன்னேன். இந்தத் தடவை கடல் இருந்தது. சிலர் அதில் கப்பலும் மீனும்கூட விட்டிருந்தார்கள். பிச்சாவரத்துக்குப் பச்சை, செம்மண் மேட்டுக்குச் சிவப்பு, வீராணத்துக்கு நீலம். பின் பெஞ்சியில் ஒரு பையன் மட்டும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். சுரங்கத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன் அவன்.

"என்ன தம்பி, முடியவில்லையா?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு, சார். எங்க ஊரை மட்டும் இன்னும் வைக்கல. நிலம் எடுக்கறதுக்கு நோட்டீஸ் வந்திருக்கு. அப்பா, தாத்தா எல்லாரும் என்ன செய்யறதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க. ஊரை வைக்கலாமா சார், வேண்டாமா?"

"வை" என்றேன்.

பரவனாற்றுக்குச் சற்று மேற்கே ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதினான். மார்க்குப் போடும்போது பார்த்தேன். கடலூரின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே இருந்தது. பூகோள முறைப்படி அது பிழை. நான் திருத்தவில்லை.